குண்டு விழும் ஊருக்காகச் செபிப்பது எப்படி

“உலக சமாதானத்துக்காக” என்று ஆரம்பிக்கும் செபக்கூட்டங்கள் பெரும்பாலும் ஒரு மாதம் தாண்டுவதில்லை. முதல் சனிக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். அடுத்த வாரம் பாதி. அப்புறம் வீட்டுக்காரரும் அவருடைய மாமியாரும் மட்டும் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மக்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. உலகம் முழுவதையும் மனத்தில் நிறுத்தி யாராலும் செபிக்க முடியாது. செய்தியில் பார்த்த படம் மறந்ததும் செபமும் நின்றுவிடுகிறது.

ஆகவே ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தெருக்கள், அங்கே இப்போது மணி என்ன, இன்று மின்சாரம் இருக்கிறதா என்பது வரை தெரிந்துகொண்டு, அந்த ஊர்க் கடிகாரப்படி செபியுங்கள். மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில், எங்கள் அடுக்குமாடியில் 2022 மார்ச்சிலிருந்து ஒரு தமிழ்க் குழு இப்படிச் செபித்து வருகிறது. நாங்கள் கத்தோலிக்கர்கள். மற்ற சபையாரும் மற்ற சமயத்தாரும் இதில் தங்களுக்கு ஆகிறதை எடுத்துத் தங்கள் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எந்த ஊர், அதை எப்படித் தெரிந்துகொள்வது

குழுவில் யாருக்காவது கொஞ்சமாவது தொடர்புள்ள ஊராகப் பாருங்கள். எங்களுக்கு அது கார்கிவ். உக்ரைனின் இரண்டாவது பெரிய நகரம், ரஷ்ய எல்லையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போருக்கு முன் அங்கே இந்திய மாணவர்கள் நிறையப் பேர் மருத்துவம் படித்தார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். திருச்சியில் இருக்கும் என் சித்தப்பாவின் பேரன் அவர்களில் ஒருவன். 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் விடுதியின் நிலவறைக்குள் போனவன், மார்ச் 2 வரை அங்கேயே கிடந்தான். அன்றைக்கு இந்தியத் தூதரகம், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது கார்கிவை விட்டு உடனே வெளியேறச் சொன்னது. குளிரில், ஊருக்கு வெளியே உள்ள பெசோச்சின் வரை நடந்தே போனான். அவன் வீடு திரும்பும்வரை சொல்லலாம் என்று ஆரம்பித்த செபம் இது. அவன் திரும்பிவிட்டான். ஆனால் நிலவறையில் இருந்த பிள்ளைகளுக்கு ஊறுகாய்ப் போத்தலும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்த பக்கத்துக் கட்டடத்துப் பாட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவருக்காகத் தொடர்ந்தோம். அப்புறம் அவருடைய தெருவுக்காக, அப்புறம் ஊருக்காக.

ஊரை முடிவு செய்ததும் ஒரு மணிலா அட்டை வாங்கி அதன் வரைபடத்தைக் கையால் வரையுங்கள். அச்சிட்டு ஒட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள், வரைந்தால் மனத்தில் நிற்கும். எங்கள் அட்டையில் மூன்று மெட்ரோ பாதைகளும் மூன்று நிறத்தில் இருக்கின்றன. நடுவில் சுதந்திர சதுக்கம். 2022 மார்ச் 1 காலையில் அங்குள்ள வட்டார நிர்வாகக் கட்டடத்தின் மேல் ஏவுகணை விழுந்தது. வடகிழக்கில் சால்டிவ்கா, வரிசை வரிசையாக அடுக்குமாடிகள். போரின் முதல் மாதங்களில் மிக மோசமாக அடிவாங்கிய பகுதிகளில் ஒன்று. எங்களைப் போலவே அடுக்குமாடியில் குடியிருக்கிறவர்கள் என்பதால், செபத்தில் அதிகம் வரும் பெயர் அதுதான்.

கத்தோலிக்கர் என்றால் அந்த ஊர் ஆலயத்தையும் தேடிப் பாருங்கள். கார்கிவின் கத்தோலிக்கப் பேராலயம் விண்ணேற்பு அன்னையின் பெயரில் இருக்கிறது. பினாங்கில் ஃபார்க்குவார் தெரு ஆலயமும் விண்ணேற்பு அன்னை ஆலயம்தான். 1955 முதல் 2003 வரை அது நமது பேராலயமாக இருந்தது. இதைக் கண்டுபிடித்தது எங்கள் குழுவிலுள்ள ஒரு பதின்மூன்று வயதுப் பெண். ஆகஸ்ட் 15 திருவிழாவன்று நாங்கள் அந்த ஊர் ஆலயத்து மக்களை நினைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்கிறோம்.

அந்த ஊர்க் கடிகாரம்

மலேசியா, கார்கிவைவிடக் கோடையில் 5 மணி நேரமும் குளிர்காலத்தில் 6 மணி நேரமும் முன்னால் இருக்கிறது. அங்கே மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆகவே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

இதன் பொருள் என்னவென்றால், நாம் காலை 8 மணிக்குப் பசியாறும்போது அங்கே விடியற்காலை 2 அல்லது 3 மணி. ட்ரோன்கள் அதிகமாக வருவது இரவில்தான். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும் அதே நேரத்தில் அங்கே தாய்மார்கள் பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வீட்டு நடைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னல் இல்லாத நடையில், வெளிச்சுவரிலிருந்து இரண்டு சுவர் தள்ளி இருந்தால் கண்ணாடிச் சிதறலிலிருந்து தப்பிக்கலாம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விதி. அதனால் எங்கள் தினசரிச் செபம் காலையில். பசியாறுவதற்கு முன் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ (மரியன்னையிடம் சொல்லும் சிறு செபம்), அந்த நடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக. ஒரு நிமிடம்கூட ஆகாது. வாராந்தரக் கூட்டத்தைவிட இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

இன்னொரு நேரமும் உண்டு. உக்ரைன் முழுவதும் தினமும் காலை 9 மணிக்கு ஒரு நிமிடம் அமைதி காத்து இறந்தவர்களை நினைக்கிறார்கள். 2022 மார்ச்சில் அதிபரின் ஆணையால் வந்த வழக்கம். நமக்கு அது கோடையில் பிற்பகல் 2 மணி, குளிர்காலத்தில் 3 மணி. பிற்பகல் 3 மணி நம் ஆண்டவர் உயிர்விட்ட நேரம், இறை இரக்கச் செபம் சொல்லும் நேரம். குளிர்கால மாதங்களில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. கைத்தொலைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்டில் இருக்கும் எங்கள் தங்கச்சி ஒருத்தி, இயந்திரத்தை விட்டு நகர முடியாததால் நின்ற இடத்திலேயே கண்ணை மூடாமல் செபிக்கிறாள். அதுவே போதும்.

சனிக்கிழமைக் கூட்டம்

இரவு 8.30க்கு ஆரம்பித்து 9க்கு முடித்துவிடுகிறோம். அரை மணிக்கு மேல் இழுக்காதீர்கள். வயதானவர்களுக்கு முதுகு வலிக்கும், பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும், அடுத்த வாரம் வராமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

முதலில் ஒருவர் மட்டும் அந்த வாரச் செய்தியைச் சொல்வார், மூன்று செய்திக்கு மேல் கூடாது. எந்த இடம், என்ன நடந்தது, மக்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வந்த காணொளியை யாரும் அந்த அறையில் போட்டுக் காட்டக் கூடாது. இதில் நான் கண்டிப்பு. உடைந்த உடல்களைப் பார்த்தவர்களுக்கு அன்றைக்கு அழுகை வரும், அடுத்த வாரம் பயம் வரும், அதற்கடுத்த வாரம் மரத்துப்போகும். இறந்தவர்களுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

அடுத்து ஒரு திருப்பாடல். 46ஆம் திருப்பாடல் எல்லாரும் எடுப்பது, நல்லதுதான். வில்லை ஒடித்து, ஈட்டியை முறித்து, போரை ஒழிக்கிறவர் என்று ஆண்டவரைச் சொல்கிறது. 55ஆம் திருப்பாடலையும் எடுங்கள். ஊருக்குள்ளே வன்முறையைக் கண்டேன், இரவும் பகலும் அது மதில்மேல் சுற்றுகிறது என்று ஒருவர் கதறுகிறார். 91ஆம் திருப்பாடலைப் படிக்கும்போது மட்டும் கவனம் தேவை. இரவின் திகிலுக்கும் பகலில் பறக்கும் அம்புக்கும் அஞ்ச மாட்டாய் என்று அது சொல்கிறது. அந்தச் சொற்களைச் சொல்லிக்கொண்டே இறந்தவர்களும் இருக்கிறார்கள். அதைக் கடவுள் எழுதிக் கொடுத்த காப்புறுதிப் பத்திரம் போல நீட்டாமல், “ஆண்டவரே, நீர் இப்படிச் சொன்னீரே” என்று அவரிடமே திருப்பிக் கேட்பதாகப் படியுங்கள்.

அப்புறம் செபமாலை. செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளிலும் இயேசு, மரியாவின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சியை நினைப்போம், அதற்கு மறையுண்மை என்று பெயர். சனிக்கிழமைக்கு மகிழ்ச்சி மறையுண்மைகள்தான் வழக்கம். நாங்கள் துயர மறையுண்மைகளைச் சொல்கிறோம், அதற்குத் தடை ஒன்றும் இல்லை. ஐந்து மறையுண்மைகளையும் அந்த ஊரின் ஐந்து இடங்களோடு சேர்த்துச் சொல்வதுதான் எங்கள் முறை. ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன்னால் ஒருவர் எழுந்து அட்டையில் அந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டுவார்.

கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் இரவில் தனியாகப் பயந்திருந்தார். அந்தப் பத்து மணிகள் வீட்டு நடைகளில் விழித்திருப்பவர்களுக்கு. கார்கிவ் எல்லைக்கு மிக அருகில் இருப்பதால் ஏவுகணை ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். சில நேரம் வெடித்த பிறகுதான் சைரன் ஒலிக்கும். அதனால் “எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்கு ஓடிச் சேரட்டும்” என்று நாங்கள் கேட்பதில்லை, ஓட அவர்களுக்கு நேரம் இல்லை. இருக்கும் இடத்திலேயே அவர்களுக்குத் துணையிரும் என்று கேட்கிறோம். ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டால் செபத்தின் சொற்களே இப்படி மாறிவிடும்.

கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது, மருத்துவமனைகளுக்கும் காயம்பட்டவர்களுக்கும். முள்முடி, பிடிபட்டுச் சிறையில் அவமானப்படுகிறவர்களுக்கு. நான்காவது, ஆண்டவர் சிலுவை சுமந்தது. அதில் சீரேன் ஊர்ச் சீமோன் வருகிறார் அல்லவா? வழியில் போனவரைப் பிடித்துச் சிலுவையைத் தூக்கச் சொன்னார்கள். இந்தப் பத்து மணிகள் தீயணைப்பு வீரர்கள், மின்கம்பி சரிசெய்கிறவர்கள், டிராம் ஓட்டுநர்கள், வெடித்த இடத்தில் விடிவதற்குள் கண்ணாடியைக் கூட்டி அள்ளுகிற நகராட்சித் தொழிலாளிகள் எல்லாருக்கும். 2024 ஏப்ரல் மாதம் கார்கிவில் ஒரு தாக்குதல் நடந்த இடத்துக்கு ஓடிப்போன மீட்புப் பணியாளர்கள், அதே இடத்தில் நடந்த இரண்டாவது தாக்குதலில் இறந்தார்கள். அந்த வாரம் நான்காவது மறையுண்மையைச் சொல்லும்போது, முப்பது வருடம் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் அண்ணன் ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை அவர் மனைவி சொன்னார்.

ஐந்தாவது, சிலுவை மரணம். இறந்தவர்களுக்கு. “இவர்களை மன்னியும்” என்று ஆண்டவர் சொன்ன இடமும் இதுதான் என்பதால், குண்டை ஏவுகிறவர்களுக்காகவும் இதில் செபிக்கிறோம். குழுவில் பலருக்கு இது கஷ்டம், எனக்கும் கஷ்டம்தான். முதல் மாதத்திலேயே கட்டாயப்படுத்தாதீர்கள். சொல்ல முடியாதவர்கள் அந்த மணிகளில் மௌனமாக இருக்கட்டும். யோனா நூலின் கடைசியில், நினிவே நகரத்துக்கு இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு தெரியாத 1,20,000 பேர் அங்கே இருக்கிறார்கள், ஆடுமாடுகளும் இருக்கின்றன என்கிறார். நினிவே யோனாவின் மக்களுக்கு எதிரி ஊர். மூன்று நான்கு மாதம் கழித்து இந்தப் பகுதியைக் குழுவில் படித்துப் பாருங்கள், வழி திறக்கும்.

மன்றாட்டு எழுதும் விதம்

செபமாலைக்குப் பின் மன்றாட்டுகள். “போரால் பாதிக்கப்பட்ட அனைவருக்காகவும்” என்று ஆரம்பித்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. ஓர் ஆள், ஓர் இடம், இன்றைக்கே நடக்கக்கூடிய ஒரு வேண்டுதல். இந்த அளவில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் எழுதியவற்றில் சில:

“ஆண்டவரே, சால்டிவ்காவில் மேல்மாடியில் தனியாக இருக்கும் முதியவர்களை நினைத்தருளும். மின்தூக்கி நின்றுவிட்டது, முழங்கால் வலியால் இறங்க முடியவில்லை. இன்று அவர்கள் கதவை யாராவது தட்டும்படி செய்யும்.”

“உடைந்த ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறவர்கள் பனி விழுவதற்குள் முடிக்கட்டும்.”

“மெட்ரோ நிலையத்தில் பாடம் நடத்தும் ஆசிரியைகளுக்குக் குரல் கம்மாமல் இருக்கட்டும்.”

“பொத்தானில் விரல் வைத்திருப்பவனுக்கு அவன் தாயின் நினைவு வரட்டும். அவன் கையை நிறுத்தும்.”

மூன்றாவதை எழுதியது ஒரு பத்து வயதுப் பையன். 2023 செப்டம்பரிலிருந்து கார்கிவில் மெட்ரோ நிலையங்களுக்குள் வகுப்பறை அமைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறது, அடுத்த ஆண்டு தரைக்கு அடியிலேயே ஒரு பள்ளியும் கட்டித் திறந்தார்கள். இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்குத்தான் கேள்வி அதிகம் வந்தது. ரயில் சத்தத்தில் டீச்சர் பேசுவது கேட்குமா? ஓய்வு நேரத்தில் எங்கே விளையாடுவார்கள்? அந்தக் கேள்விகளையே மன்றாட்டாக எழுதச் சொல்லிவிடலாம். சைரன் ஒலியைப் போட்டுக் காட்டுவது, விளக்கை அணைத்துப் பதுங்கிக் காட்டுவது போன்ற வேலைகள் வேண்டாம். மற்றவர் பயத்தை நாம் நாடகமாக்கக் கூடாது.

சில பேச்சுகளைக் கூட்டத்தில் ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுங்கள். “இதெல்லாம் கடைசிக் காலத்தின் அடையாளம்” என்பது ஒன்று. “கடவுள் சித்தம்” என்பது இன்னொன்று. ஒரு குழந்தையின் மேல் கூரை விழுவதைக் கடவுள் விரும்பினார் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. மூன்றாவது, “நம் நாட்டை இப்படி எதுவும் இல்லாமல் காக்கிறதற்கு நன்றி ஆண்டவரே”. நன்றி சொல்லுங்கள், உங்கள் வீட்டில், வேறொரு நேரத்தில். அவர்கள் துயரத்தின் பக்கத்தில் வைத்து நம் சௌகரியத்தைக் கொண்டாட வேண்டாம்.

செபித்த பிறகும் குண்டு விழும் நாள்

இந்த நாள் வரும். அதற்கு முன்பே தயாராக இருங்கள்.

2024 மே 25 ஒரு சனிக்கிழமை. நாங்கள் செபமாலையை முடித்துவிட்டுத் தே ஊற்றிக்கொண்டிருந்தோம். கார்கிவில் பிற்பகல் 4 மணி வாக்கில் ஒரு பெரிய கடையின் மேல் குண்டு போட்டார்கள். வீட்டுச் சாமான், பெயிண்ட், தோட்டக் கருவிகள் விற்கும் கடை, உள்ளே வார இறுதிக்குச் சாமான் வாங்க வந்த குடும்பங்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் நேரம் இரவு 9. செய்தி ஒவ்வொரு கைத்தொலைபேசியாக வர வர, கிளாஸ்கள் மேசையிலேயே நின்றுவிட்டன. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: “அப்ப இவ்வளவு நேரம் நாம என்ன செஞ்சிக்கிட்டு இருந்தோம், ஆன்ட்டி?”

அதற்கு விளக்கம் சொல்ல முயலாதீர்கள். அந்த நேரத்தில் சொல்லும் எந்த விளக்கமும் இறந்தவர்களுக்கு அவமரியாதையாகத்தான் போய் முடியும். நாங்கள் மறுபடி உட்கார்ந்து 88ஆம் திருப்பாடலை வாசித்தோம். அது ஆறுதலில் முடிவதில்லை, இருளில்தான் முடிகிறது. அப்படி ஒரு பாடலும் திருவிவிலியத்தில் இருக்கிறது என்பதே அன்றைக்கு எங்களுக்குப் பெரிய உதவி. வயதான ஓர் அம்மா, தன் வீட்டுச் சாவில் அழுவது போலக் குரல் எடுத்து அழுதார். யாரும் அவரை அடக்கவில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு ஒப்பாரி தெரியும். செபக்கூட்டத்தில் அதற்கு இடம் கொடுங்கள். புலம்பல் நூலே, இரவில் எழுந்து கூக்குரலிடு, உள்ளத்தைத் தண்ணீர் போல் ஆண்டவர் முன் ஊற்று என்று எருசலேமைப் பார்த்துச் சொல்கிறது.

அடுத்த நாள் காலையில் வழக்கமான நேரத்தில் வழக்கமான ஓர் ‘அருள் நிறைந்த மரியே’. அதைத் தவற விடாதீர்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறகு ஒருநாள் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். செபம் குண்டைத் தடுக்கும் கூரை என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் தடுக்கும்படி ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன், கேட்காமல் இருக்க எனக்கு மனம் வராது. சோதோம் நகருக்காக ஆபிரகாம் 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரை இறங்கி வந்து பேரம் பேசினார். அந்த நகரம் தப்பவில்லை. ஆனால் அவர் பேசியதைக் கடவுள் வெட்டிவிடவில்லை, கடைசி வரை நின்று கேட்டார். இடிபாட்டுக்கு அடியில் கிடந்தவர்களோடு நம் ஆண்டவரும் கிடந்தார் என்று நான் நம்புகிறேன். அவரை அங்கே தனியாக விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே நான் செபிக்கிறேன். அவள் அதை ஏற்றுக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்தாள்.

பினாங்கின் சொந்த நினைவு

குழுவில் முதியவர்கள் இருந்தால் 1941ஐப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அவர்களே பார்த்திருக்க மாட்டார்கள், பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பார்கள். டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனில் குண்டு போட்டபோது, என்ன சத்தம் என்று வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றவர்கள் அதிகம். என் பாட்டி சூலியா தெருப் பக்கம் ஒரு கடை வீட்டின் மாடியில் இருந்தார். வானத்தில் வெள்ளியாக மின்னுவதை எல்லாரும் கையை நீட்டிக் காட்டியதாகச் சொல்வார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். சில நாளில் ஆங்கிலேயர்கள் தங்கள் ஆட்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் நடுத்தெருவில் நின்றது. அப்போது ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றினார். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், இனி குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் ஜப்பானியருக்குச் சொன்னார். டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் உள்ளே வந்தார்கள்.

இந்தக் கதையைப் பேசிய வாரத்தில்தான் எங்கள் மன்றாட்டுகளில் புதிதாக ஒன்று சேர்ந்தது: “ஊரை விட்டுப் போக வழி இருந்தும் போகாமல், தண்ணீரும் ரொட்டியும் கிடைக்கப் பாடுபடுகிறவர்களுக்காக.” டிசம்பர் 11க்கு அருகில் வரும் சனிக்கிழமையில் நாங்கள் இரண்டு ஊர்களுக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். பினாங்கில் இருப்பவர்கள் ஒரு குழுவை ஆரம்பிக்க அதைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை.

அக்கம்பக்கத்தார்

எங்கள் கீழ்மாடியில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். அந்த அண்ணன் ஒருநாள் படிக்கட்டில் நின்று கேட்டார்: “அக்கா, காசாவுக்கும் கேட்பீங்கதானே?” அவர்களுடைய பள்ளிவாசலில் காசாவுக்காகக் குனூத் நாஸிலா ஓதுகிறார்கள். பேரிடர் நேரத்தில், தொழுகையின் கடைசிச் சுற்றில் (ரக்அத்), குனிந்த நிலையிலிருந்து (ருகூ) எழுந்து நின்று கேட்கும் வேண்டுதல் (துஆ) அது. ஓர் ஊர் என்று முடிவு செய்துவிட்டோம் என்பதற்காக இன்னோர் ஊரைக் கதவுக்கு வெளியே நிறுத்த முடியாது. அன்றிலிருந்து செபமாலை முடிந்ததும் காசாவுக்கு மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்கிறோம். உங்கள் மனம் முதலில் போவது காசாவுக்குத்தான் என்றால் அதையே உங்கள் ஊராக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுவதும் அதற்கும் பொருந்தும். எதிர்வீட்டு அக்கா முருக பக்தை, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். அவர் சனிக்கிழமை 8.30க்குத் தன் வீட்டுச் சாமியறையில் விளக்கேற்றித் தேவாரம் சொல்கிறார். எங்கள் செபத்தை வந்து சொல்லுங்கள் என்று யாரையும் அழைக்காதீர்கள். நேரத்தையும் வரைபடத்தையும் மட்டும் கொடுங்கள். அவரவர் தெய்வத்திடம் அவரவர் மொழியில் கேட்பார்கள்.

தொடர்ந்து செய்வது எப்படி என்று கேட்பவர்களுக்குத் திருத்தந்தை பிரான்சிஸைத்தான் காட்டுவேன். 2023 அக்டோபரில் காசாவில் போர் தொடங்கிய நாள்களிலிருந்து அங்குள்ள திருக்குடும்பக் கத்தோலிக்க ஆலயத்துக்கு ஏறக்குறைய தினமும் மாலையில் தொலைபேசியில் பேசினார். எப்படி இருக்கிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். சில நிமிடங்கள்தான். மருத்துவமனையில் கிடந்தபோதும் அழைத்தார். கடைசியாக அழைத்தது 2025 ஏப்ரல் 19, பெரிய சனிக்கிழமை. 21ஆம் தேதி இறந்தார். பெரிய பிரசங்கம் எதுவும் அந்த அழைப்புகளில் இல்லை. தினமும் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

காணிக்கை பற்றிச் சுருக்கமாக. வெள்ளிக்கிழமை ஒருவேளை உண்ணாமல் மிச்சமாகும் ஐந்து ரிங்கிட், பத்து ரிங்கிட்டை மைலோ டின்னில் போடுகிறோம். அதை எங்கள் ஆலயம் வழியாக, காரித்தாஸ் என்ற கத்தோலிக்க நிவாரண அமைப்புக்கு மட்டுமே கொடுக்கிறோம். வாட்ஸ்அப்பில் வரும் தனியார் வங்கிக் கணக்குகளுக்கு, படம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், குழுவின் பெயரில் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

எப்போது நிறுத்துவது

போர்நிறுத்தம் அறிவித்த வாரத்தில் நிறுத்தாதீர்கள். ஜப்பானியர் வந்ததும் பினாங்கில் குண்டு ஓய்ந்தது என்று நினைத்தவர்கள், 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் வந்தபோது மறுபடியும் ஓட வேண்டியிருந்தது. சத்தம் நின்றபின் குறைந்தது ஓர் ஆண்டு கூட்டத்தை நடத்துங்கள், மன்றாட்டுகளை மட்டும் மாற்றுங்கள். வயல்களில் கண்ணிவெடி எடுக்கிறவர்கள், இடிபாட்டில் கண்டெடுக்கப்பட்டவர்களை அடக்கம் செய்ய வரும் குடும்பங்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து தன் வீட்டு மாடி இல்லாததைப் பார்க்கிறவர்கள், மோட்டார்சைக்கிள் சத்தத்துக்குக்கூடத் தூக்கிவாரிப்போடுகிற பிள்ளைகள். அந்த ஓராண்டுக்குப் பின் சனிக்கிழமையை மாதம் ஒரு முறையாக்கலாம். காலைச் செபத்தைத் தொடருவதா வேண்டாமா என்பதை அவரவரிடமே விட்டுவிடுங்கள். மணிலா அட்டையைக் கழற்றாதீர்கள். கிழிந்தால் பிள்ளைகளை விட்டுப் புதிதாக வரையச் சொல்லுங்கள், மூடியிருந்த பள்ளிகளில் எவை தரைக்கு மேல் திறந்துவிட்டன என்பதையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள்.